ஒரே சுமை, இரண்டு மோட்டார்: ஏபிபி ஏசிஎஸ்880 ட்ரைவின் மாஸ்டர்-ஃபாலோயர் வசதி எப்படி?

சிமெண்ட் ஆலையின் இரட்டைப் பினியன் (பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) மில், இரண்டு டிரம்கள் சேர்ந்து இழுக்கும் நீளக் கன்வேயர், இரு பக்கமும் பினியன் வைத்த சூளை. இங்கெல்லாம் கேள்வி ஒன்றுதான். இரண்டு மோட்டாரும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்கின்றனவா, இல்லை ஒன்று இழுக்க இன்னொன்று பிரேக் பிடிக்கிறதா? ஏபிபியின் ஏசிஎஸ்880 வரிசை ட்ரைவ்களில் (மோட்டாரின் வேகத்தையும் டார்க்கையும், அதாவது முறுக்கு விசையையும், கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள்) இதற்காகவே உள்ள மாஸ்டர்-ஃபாலோயர் வசதியைத்தான், அதாவது ஒரு ட்ரைவ் தலைமை தாங்க மற்றவை பின்பற்றும் முறையைத்தான், இந்த மதிப்பீட்டில் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுமைப் பங்கீட்டுக்கு இது தாராளமாக வாங்கக்கூடிய கருவி. ஆனால் இயந்திரத்தின் குணத்தைத் தானே படித்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று நினைத்து வாங்காதீர்கள். இரண்டு தண்டும் எப்படி இணைந்திருக்கின்றன, கியரில் எவ்வளவு தளர்வு இருக்கிறது, சுமை குறைந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நாம். சொல்லிவிட்டால் மிச்சத்தை அது பிசிறில்லாமல் செய்யும்.

பெட்டியைத் திறந்ததும் என்ன கிடைக்கிறது? ட்ரைவின் அடிப்படை மென்பொருளான பிரைமரி கண்ட்ரோல் புரோகிராமிலேயே இந்த வசதி உண்டு, தனி உரிமம் தேவையில்லை. கண்ட்ரோல் போர்டில் உள்ள எக்ஸ்டி2டி டெர்மினலில் ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடிக் கேபிளைக் கட்டினால் போதும், தனி கார்டும் வேண்டாம். ஒரு மாஸ்டருக்குக் கீழே 10 ஃபாலோயர்கள் வரை வைக்கலாம். அவற்றில் 3 ஃபாலோயர்களிடமிருந்து மட்டும் மாஸ்டர் தகவலைத் திரும்பப் படிக்கும். இந்தக் கேபிள் 50 மீட்டர் வரைதான். ட்ரைவ்கள் வேறு வேறு அறைகளில் இருந்தால் எஃப்டிசிஓ ஆப்டிகல் மாட்யூல் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் ஃபைபரில் 30 மீட்டர், எச்சிஎஸ் எனும் சிலிக்கா ஃபைபரில் 200 மீட்டர். பெரிய மோட்டார்கள் உள்ள இடத்தில் தூரம் குறைவாக இருந்தாலும் ஃபைபரே மேல். இரைச்சலால் இணைப்பு விட்டுவிட்டுப் போகிறதா, வேறு காரணமா என்று தேடி அலையும் நேரம் மிச்சம்.

மாஸ்டரிடமிருந்து ஃபாலோயருக்கு ரெஃபரன்ஸ், அதாவது பிடிக்க வேண்டிய வேக, டார்க் அளவு, போய்ச்சேர 5 மில்லிசெகண்டுக்குள்தான் ஆகும். வேகம்தான். ஆனாலும் இந்த எண்ணை நினைவில் வையுங்கள், டியூனிங் பகுதியில் திரும்ப வரும்.

கைவைக்கும் முன் விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி இது: இரண்டு மோட்டார் தண்டுகளுக்கும் இடையே வேக வித்தியாசம் வர வழியுண்டா? கியர், செயின், ஒரே தண்டு என்று இறுக்கமாகப் பிணைந்திருந்தால் வழியில்லை. அப்போது மாஸ்டர் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும், ஃபாலோயர் டார்க்கை மட்டும் பின்பற்ற வேண்டும். பெல்ட் போல நெளியும், சிறிது வழுக்கும் இணைப்பாக இருந்தால் இரண்டுமே வேகக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஃபாலோயருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணத்தைத் தர வேண்டும். இதை மாற்றிப் போட்டால் எந்தப் பாராமீட்டரைத் திருகினாலும் சரிவராது.

ஏன் என்று கணக்கோடு பார்ப்போம். 50 ஹெர்ட்ஸ், 4 துருவ மோட்டார், முழுச் சுமையில் 1485 ஆர்பிஎம். சுமையில்லாத சின்க்ரனஸ் வேகமான 1500-ஐவிட 15 ஆர்பிஎம் குறைவு. இந்த இடைவெளிதான் ஸ்லிப், ஒரு சதவீதம். கன்வேயரின் இரண்டு டிரம்களும் 800 மி.மீ. விட்டம். ஒன்றின் ரப்பர் உறை தேய்ந்து 792 மி.மீ. ஆகிவிட்டது, ஒரு சதவீதக் குறைவு. பெல்ட்டின் வேகம் ஒன்றுதான் என்பதால் தேய்ந்த டிரம் ஒரு சதவீதம் கூடுதல் வேகத்தில் சுற்றியாக வேண்டும். இரண்டு மோட்டாருக்கும் ஒரே அதிர்வெண் கொடுத்தால், பெரிய டிரம்மின் மோட்டார் முழுச் சுமையில் இருக்கும்போது தேய்ந்த டிரம்மின் மோட்டார் கிட்டத்தட்டச் சுமையே இல்லாமல் சும்மா சுற்றும். எட்டு மில்லிமீட்டர் தேய்மானம் ஒரு மோட்டாரின் முழுச் சுமையையே இடம் மாற்றிவிடுகிறது.

இது ட்ரைவின் வேகத் திருத்தம் எதுவும் இல்லாத நிலை. நல்ல ட்ரைவ் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏசிஎஸ்880, டார்க்கை நேரடியாகக் கட்டுப்படுத்தும் டிடிசி முறையில், என்கோடர் (வேகம் அளக்கும் உணரி) இல்லாமலேயே வேகத்தை ஸ்லிப்பில் பத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் பிடிக்கும். வேகக் கட்டுப்பாட்டின் இன்டெக்ரல் பகுதி சின்னப் பிழையைக்கூட விடாமல் சேர்த்துக்கொண்டே போகும். பெல்ட்டின் நெகிழ்வு எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அதைத் தாண்டியதும் ஒன்று டார்க் வரம்பு வரை இழுக்கும், மற்றது எதிர்த் திசையில் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டராகும். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால் எப்படியோ அப்படித்தான். மோட்டாருக்கு இயல்பாகவே இருந்த விட்டுக்கொடுக்கும் குணத்தை ட்ரைவின் துல்லியம் பறித்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுப்பதுதான் 25.08 ட்ரூப்பிங் ரேட், சுமை ஏற ஏற வேகத்தைச் சற்று இறக்கிவிடும் பாராமீட்டர். இனி 25.08 போல வருபவை ட்ரைவின் பாராமீட்டர் எண்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது இது பூஜ்யம். 1% வைத்தால், 1500 ஆர்பிஎம் சின்க்ரனஸ் வேக மோட்டாரில் வேகக் கட்டுப்பாட்டின் வெளியீடு 50% இருக்கும்போது 7.5 ஆர்பிஎம் இறங்கும், 100%-இல் 15 ஆர்பிஎம். பழைய ஸ்லிப் திரும்ப வந்துவிட்டது. கன்வேயருக்கு 1 முதல் 2% வரை போதும். அதற்கு மேல் ஏற்றினால் பங்கீடு இன்னும் சமமாகும், ஆனால் சுமை ஏறும்போது வேகம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்யும். வேகம் நூல் பிடித்தாற்போல் இருக்க வேண்டிய காகித இயந்திரத்தில் ட்ரூப் மட்டும் போதாது. அங்கே 23.40-ஐ இயக்கி, 23.41-இல் கெயின் (பிழையை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்ற பெருக்கி) கொடுத்து, 23.42-இல் மாஸ்டரின் டார்க்கை மூலமாகக் காட்ட வேண்டும். மாஸ்டரின் டார்க்கோடு தன் டார்க்கை ஒப்பிட்டு ஃபாலோயர் தன் வேகத்தை இம்மி இம்மியாகத் திருத்திக்கொள்ளும். இந்தப் பெட்டியில் அடாப்டிவ் (தானே தகவமைத்துக்கொள்வது) என்ற சொல்லுக்கு ஓரளவு நெருங்கி வருவது இதுதான். டிரம் தேயத் தேய, யாரும் கை வைக்காமலே திருத்தமும் கூடவே நகரும்.

இனி அமைப்பு. முதல் பொறி, ட்ரைவ் மாஸ்டரா ஃபாலோயரா என்று சொல்லும் 60.03-இல் இருக்கிறது. எக்ஸ்டி2டி கேபிளைக் கட்டியவர் மெனுவில் டி2டி (ட்ரைவ்-டு-ட்ரைவ்) மாஸ்டர், டி2டி ஃபாலோயர் என்று பார்த்ததும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார். தப்பு. அது அப்ளிகேஷன் புரோகிராம் எழுதுபவர்களுக்கானது. மாஸ்டர்-ஃபாலோயர் வசதிக்கு, செம்புக் கேபிளாக இருந்தாலும், டிடிசிஎஸ் (ட்ரைவ்கள் பேசிக்கொள்ளும் ஏபிபி நெறிமுறை) மாஸ்டர், டிடிசிஎஸ் ஃபாலோயர் என்றுதான் போட வேண்டும். கேபிள் சரி, முகவரி சரி, ஆனால் எதுவும் நகரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மெனுவின் பெயர்களை இவ்வளவு குழப்பமாக வைத்திருக்க வேண்டியதில்லை.

60.01-இல் போர்ட், 60.02-இல் முகவரி. மாஸ்டருக்கு 1, ஃபாலோயர்களுக்கு 2-இலிருந்து. இரண்டு ட்ரைவுக்கு ஒரே முகவரி கூடாது. டெர்மினேஷன் (கேபிள் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடை), கேபிளின் இரு கோடியிலும் உள்ள ட்ரைவ்களில் மட்டும் ஆன், நடுவில் இருப்பவற்றில் ஆஃப். 60.08-இல் இணைப்பு அறுந்தால் பொறுக்கும் நேரம், முதலில் இருப்பது 100 மில்லிசெகண்ட். 60.09-இல் அப்போது என்ன செய்வது என்பது. வார்னிங் என்று விட்டுவைக்காதீர்கள். டார்க் ஃபாலோயர் கடைசியாகக் கேட்ட டார்க்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட ட்ரிப் ஆவது, அதாவது பிழை காட்டி நின்றுவிடுவது, எவ்வளவோ மேல். ட்ரிப் ஆனால் திரையில் 7582 வரும். ஒரு ஃபாலோயர் ட்ரிப் ஆனதால் மாஸ்டர் நின்றால் எஃப்எஃப்7இ. இந்த இரண்டாவது வேலை செய்ய 60.14-இல் அந்த ஃபாலோயரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், 60.17-இல் ஃபால்ட் என்று இருக்க வேண்டும்.

ஃபாலோயர் பக்கம்: 20.01-இல் கட்டளை மூலம் எம்/எஃப் (மாஸ்டர்/ஃபாலோயர்) லிங்க், 22.11-இல் வேகத்துக்கு எம்/எஃப் ரெஃபரன்ஸ் 1, 26.11-இல் டார்க்குக்கு எம்/எஃப் ரெஃபரன்ஸ் 2. மாஸ்டர் தன் ராம்ப்பை (வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் பகுதி) தாண்டிய வேக ரெஃபரன்ஸைத்தான் அனுப்புகிறது. ஆகவே வேகத்தைப் பின்பற்றும் ஃபாலோயரில் 23.12, 23.13 ராம்ப் நேரங்களைப் பூஜ்யமாக்குங்கள். மறந்தால் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஃபாலோயர் பின்தங்கி மாஸ்டர் மட்டும் தனியாகச் சுமக்கும். வேகம் நிலைத்ததும் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதால் இது பிடிபடவே நாளாகும்.

அடுத்து 46.01 ஸ்பீடு ஸ்கேலிங். இணைப்பில் 20000 என்ற எண் எந்த வேகத்தைக் குறிக்கிறது என்பதை இதுதான் சொல்கிறது. மாஸ்டரில் 1500, ஃபாலோயரில் 1000 என்று இருந்தால் மாஸ்டர் 1500 என்று சொல்வதை ஃபாலோயர் 1000 என்று புரிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் கியர் விகிதம் வேறாக இருந்தால் இதையே வேண்டுமென்று பயன்படுத்தி விகிதத்தைச் சமன் செய்யலாம். டார்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை, அது அந்தந்த மோட்டாரின் மதிப்பீட்டு டார்க்கின் சதவீதமாகப் போகிறது. 200 கிலோவாட் மோட்டாரும் அதே வேகத்தில் ஓடும் 160 கிலோவாட் மோட்டாரும் 70% வாங்கினால் தத்தம் திறனுக்கேற்பத்தான் சுமக்கின்றன. ஒன்றுக்கு வேண்டுமென்றே குறைத்துக் கொடுக்க 26.15 லோடு ஷேர். 1.000 என்றால் முழுதாகப் பின்பற்றும், 0.8 என்றால் எண்பது சதவீதம். மோட்டார்கள் எதிரெதிராகப் பொருத்தப்பட்டிருந்தால் ஒன்றில் 99.16 பேஸ் வரிசையை மாற்றிவிடுங்கள். இதையெல்லாம் கப்ளிங் (மோட்டார் தண்டை இயந்திரத்தோடு இணைக்கும் பகுதி) மாட்டுவதற்கு முன் வெறும் மோட்டாரில் ஓட்டிச் சரிபார்ப்பதே முறை.

இறுக்கமான இணைப்பில் ஃபாலோயரை வெறும் டார்க் முறையில் விடுவது பலர் செய்யும் குறுக்குவழி. ஓடிக்கொண்டிருக்கும்போது குறையே தெரியாது. கப்ளிங் போல்ட் அறுந்தால்தான் தெரியும். 600 ஆர்பிஎம்மில் 70% டார்க்கோடு ஓடிய மோட்டாருக்கு இப்போது எதிர்ப்பே இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் 30.12-இல் வைத்த அதிகபட்ச வேகத்துக்குப் போய் நிற்கும். அந்த வரம்பையும் தாண்டினால், 31.30-இல் உள்ள கூடுதல் அளவையும் கடந்த பிறகுதான் ஓவர்ஸ்பீடு ட்ரிப் வரும். முதலில் இருக்கும் 500 ஆர்பிஎம் என்பது பல கியர்பாக்ஸ்களுக்கு அதிகம், குறைத்து வையுங்கள்.

சரியான முறை: 19.12-இல் டார்க் என்பதற்குப் பதில் ஆட் (டார்க் ரெஃபரன்ஸையும் வேகக் கட்டுப்பாட்டின் வெளியீட்டையும் கூட்டும் முறை) என்று போட்டு, 24.41-இல் விண்டோ கண்ட்ரோலை இயக்குவது. விண்டோ, ஆட் முறையில் மட்டுமே வேலை செய்யும். வேகப் பிழை 24.43, 24.44 என்ற இரு எல்லைகளுக்குள் இருக்கும்வரை வேகக் கட்டுப்பாடு வாய் திறக்காது, ஃபாலோயர் டார்க்கை மட்டும் பின்பற்றும். எல்லையைத் தாண்டியதும் வேகக் கட்டுப்பாடு இழுத்துப் பிடிக்கும். 1485 ஆர்பிஎம் மோட்டாருக்கு இருபக்கமும் 15 முதல் 30 ஆர்பிஎம் நல்ல தொடக்கம். மிகக் குறுக்கினால் ஸ்டார்ட்டிங்கிலேயே வேகக் கட்டுப்பாடு குறுக்கே வந்து பங்கீட்டைக் கெடுக்கும். 24.42-இல் பி-கண்ட்ரோல் (பிழைக்கு நேர் விகிதமாக மட்டும் திருத்துவது) என்று வைத்தால் இன்டெக்ரல் பகுதி கலக்காது. எல்லைக்குள் திரும்பிய பிறகு பழைய மிச்சம் எதுவும் டார்க்கோடு ஒட்டிக்கொண்டிருக்காது.

டியூனிங்தான் நாள் முழுதும் தின்னும் வேலை. முதலில் 99.13 ஐடி ரன், ட்ரைவ் மோட்டாரின் குணங்களை அளந்து தெரிந்துகொள்ளும் ஓட்டம். ஒவ்வொரு மோட்டாரையும் கப்ளிங்கைக் கழற்றி நார்மல் முறையில் செய்யுங்கள். கழற்ற முடியாமல் இயந்திர இழப்பு 20%-ஐத் தாண்டினால் ரெடியூஸ்டு. இங்கே சோம்பல்பட்டால் டார்க் மதிப்பீடு பிழையாகும். பங்கீடே டார்க்கை நம்பித்தான் நடக்கிறது என்பதால், திரையில் இரண்டும் 70% என்று காட்டும், ஆனால் ஒரு மோட்டார் மட்டும் சூடாகும்.

பிறகு 25.33 ஆட்டோடியூன். இது மோட்டாருக்குச் சிறு டார்க் படியும் வேகப் படியும் கொடுத்துப் பார்த்து, இயந்திரத்தின் கால மாறிலியைக் கணக்கிட்டு கெயினை எழுதிவைக்கும். ஸ்மூத், நார்மல், டைட் என 25.34-இல் மூன்று குணம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபாலோயர் ட்ரைவை நிறுத்தி வைத்து, மாஸ்டர் மட்டும் மொத்தச் சுமையையும் இழுக்கும் நிலையில் ஆட்டோடியூன் செய்தால், மாஸ்டர் தனியாளாக எவ்வளவு முறுக்க வேண்டுமோ அந்த அளவுக்கு கெயின் வரும். பிறகு சமமான ஃபாலோயரைச் சேர்த்ததும் மாஸ்டர் கேட்கும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் தண்டில் இரண்டு பங்கு டார்க் விழுகிறது. லூப்பின் கெயின் இரண்டு மடங்கு. நேற்று அமைதியாக ஓடிய இயந்திரம் இன்று உறுமுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். 25.02-இல் உள்ள கெயினைப் பாதியாக்குங்கள், அல்லது ஃபாலோயர் சேர்ந்து ஓடும்போதே ஆட்டோடியூன் செய்யுங்கள். மூன்று சம மோட்டார் என்றால் மூன்றில் ஒரு பங்கு.

இதையே திருப்பிப் பார்த்தால், பராமரிப்புக்காக ஒரு மோட்டாரை நிறுத்தி மற்றதில் மட்டும் ஓட்டும்போது கெயின் போதாமல் வேகம் தொய்யும். ட்ரைவ் இதைத் தானே கண்டுகொண்டு மாறாது. 96.11-இல் 4 யூசர் செட் (பாராமீட்டர் தொகுப்பு) வரை சேமிக்கலாம். ஒரு மோட்டாருக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் செட்டை மாற்ற ட்ரைவ் நின்றிருக்க வேண்டும், ஓடும்போது முடியாது.

கியர் தளர்வுள்ள இயந்திரத்தில் அடுத்த சிக்கல். மில் காலியாக, டார்க் பூஜ்யத்தை ஒட்டி ஊசலாடும்போது பினியன் பல் எதிர்ப்பல்லை விட்டு விலகி இடைவெளிக்குள் மிதக்கிறது. அந்தக் கணத்தில் மோட்டாருக்குத் தெரிவது தன் ரோட்டரின் நிலைமம் மட்டுமே, மில்லின் பெருஞ்சுமை மறைந்துவிடுகிறது. பெருஞ்சுமைக்கு வைத்த கெயின் வெறும் ரோட்டருக்கு மிகமிக அதிகம். பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் இடிக்கும், கியர்பாக்ஸில் சுத்தியல் அடிப்பது போலக் கேட்கும். பொதுவாக உடனே கெயினைக் குறைப்பார்கள். சத்தம் நிற்கும், ஆனால் சுமை ஏறும்போது வேகம் பிடிக்காது.

இதற்கான மருந்து 25.25, 25.26, 25.27. டார்க் ரெஃபரன்ஸ் 25.25-ஐவிட மேலே இருந்தால் கெயின் முழுதாக இருக்கும். பூஜ்யத்தில் 25.27-ஆல் பெருக்கப்படும், இடையில் நேர்கோடாக மாறும். 25.25-க்கு 15%, 25.27-க்கு 0.4 என்று தொடங்கிப் பாருங்கள். இன்னும் தட்டினால் 25.27-ஐ இறக்குங்கள். 25.26 வடிகட்டும் நேரம், பூஜ்யமாகவே விட்டால் கெயின் தானே துள்ளும், சில பத்து மில்லிசெகண்ட் கொடுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது இந்த மூன்றும் செயலற்றே இருக்கின்றன. வேகத்தைப் பொறுத்து கெயினை மாற்ற 25.18, 25.19, 25.21, 25.22 என்று இன்னொரு தொகுப்பும் உண்டு.

ஆய்வுக் கட்டுரைகளில் அடாப்டிவ் கண்ட்ரோல் என்றால் தெரியாத தளர்வையும் உராய்வையும் ஓடும்போதே மதிப்பிட்டுக் கெயினைத் திருத்திக்கொண்டே போவது. இங்கே இருப்பது நாம் எழுதிவைத்த அட்டவணை. பல் தேய்ந்து தளர்வு கூடினால் அட்டவணையையும் நாம்தான் திருத்த வேண்டும். அதோடு, மாஸ்டர் ஃபாலோயரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வதும் இல்லை. ஃபாலோயர் பக்கம் ஓர் அதிர்ச்சி விழுந்தால் அது தண்டு வழியாக வேகத்தில் தெரிந்த பிறகே மாஸ்டர் அறியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆலையில் எதிர்பாராமல் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் ட்ரைவைவிட இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அட்டவணையே எங்கள் தேர்வு.

இரண்டு மோட்டாருக்கும் நடுவில் நீளமான தண்டு இருந்தால் அந்த 5 மில்லிசெகண்ட் திரும்ப வருகிறது. தண்டின் முறுக்கு அதிர்வு 20 ஹெர்ட்ஸ் என்றால் 5 மில்லிசெகண்ட் தாமதம் 36 பாகைக் கட்ட வித்தியாசம். தணிக்க வேண்டிய ஃபாலோயர், தாமதத்தால் அதிர்வுக்கே தூபம் போடக்கூடும். மாஸ்டரை டைட் முறையில் வைக்காதீர்கள். 24.13-இல் ரெசொனன்ஸ் வடிகட்டியை இயக்கி 24.14-இல் அந்த அதிர்வெண்ணைக் கொடுங்கள். 26.51 தொகுப்பில் ஆசிலேஷன் டேம்பிங் என்றும் ஒன்று உண்டு, அதிர்வெண் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

பராமரிப்பில் ஒரு நல்ல விஷயம்: ஃபர்ம்வேரும் பாராமீட்டர்களும் கழற்றி மாட்டக்கூடிய மெமரி யூனிட்டில் இருக்கின்றன. ட்ரைவ் பழுதானால் புதியதில் அதைச் செருகினால் போதும். அதே காரணத்தால் மாஸ்டரின் யூனிட்டை ஃபாலோயரில் செருகினால் ஒரே இணைப்பில் இரண்டு மாஸ்டர். யூனிட்டின் மேலேயே பெயர் எழுதி ஒட்டுங்கள். எஸ்டிஓ (மோட்டாரின் டார்க்கைத் துண்டிக்கும்) பாதுகாப்பு வயரிங்கை இரண்டு ட்ரைவுக்கும் சேர்த்தே கொடுங்கள், மாஸ்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மீதி லிங்க் பார்த்துக்கொள்ளும் என்று விடக்கூடாது.

யாருக்கு இது வேண்டாம்? கேன்ட்ரி (இரு பக்கமும் கால் வைத்து நகரும் பாலம்) போல இரு பக்கமும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய இயந்திரங்களுக்கு. இந்த வசதி வேகத்தையும் டார்க்கையும்தான் பங்கிடுகிறது, நிலையை அல்ல. அங்கே ஒரே கண்ட்ரோல் யூனிட் 6 வெக்டர் அச்சுகள் (மோட்டார்கள்) வரை கையாளும் சீமென்ஸ் எஸ்120 போன்ற அமைப்புகளைப் பாருங்கள். சிறிய பம்புகள், தனித்தனியாக ஓடும் ஃபேன்கள் என்றால் இந்த வரிசையே தேவைக்கு மிஞ்சியது. ஆனால் இரட்டைப் பினியன் மில், இரு டிரம் கன்வேயர், பல மோட்டார் சூளை என்றால் வாங்குங்கள். வாங்கும்போதே கமிஷனிங்குக்கு (முதன்முறை ஓட்டிச் சரிசெய்வதற்கு) இயந்திரம் காலியாக ஒரு நாள், சுமையோடு ஒரு நாள் நிறுத்தம் கேட்டு வைத்துவிடுங்கள். காலியாக மட்டும் டியூன் செய்தால் பங்கீடு சரியா என்று தெரியாது, சுமையோடு மட்டும் செய்தால் பல் இடிக்கும் சத்தம் கேட்காது.